குடும்பம் இல்லை என்று சொன்னேன்

சமையல் அலமாரி கேமராவில் தெரியக்கூடாது என்று தாஸ் சுவரில் இரண்டு ஆணி அடித்து, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டார். விரிப்பின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அதை உள்பக்கம் மடித்து ஊக்கு குத்தினார். பிறகு லேப்டாப் இருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஆபீஸ் மாரியே கீது," என்றார்.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் எங்கள் வாடகை வீடு. ஒரே அறை. அதையே தடுத்து ஒரு சமையல் இடம். கதவைத் திறந்தால் நேரே தெரு. என் கணவர் தாஸ் அன்று ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கா, பதினோரு மணிலேர்ந்து ஒரு அவர் மிக்ஸி போடாத. எங்கூட்டம்மாவுக்கு இன்டர்வியூ," என்று சொல்லிவிட்டு வந்தார். மீன்காரர் கூவிக்கொண்டு வந்தால் அவரைத் தெருமுனையிலேயே மடக்குவதும் அவர் பொறுப்புதான்.

எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியைதான் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வரப்போகிறவர். நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. இரும்பின் மேல் பூசிய பெயின்ட் கடல் காற்றில் ஏன் உரிகிறது என்று அரைமணி நேரம் கேட்டார். எனக்கு அது தினமும் கையால் தொட்ட விஷயம். நன்றாகவே சொன்னேன்.

கடைசியில் பேனாவை மூடிக்கொண்டே ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார். தனியாக வருவீர்களா, குடும்பம் உண்டா?

"சிங்கிள், மேடம்," என்றேன்.

அது போதாது என்று பட்டதோ என்னவோ, "நோ ஃபேமிலி," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெனி ஏதோ கேட்டாள். தாஸ் தாழ்ந்த குரலில் அவளுக்குப் பதில் சொன்னார்.

ஒரு வாசகியின் வணக்கம்

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ரயில் தூரத்துக்குப் போய்ப் படித்த என் துணிச்சலுக்கு வணக்கமாம். எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. திட்டம் போட்டது நான் இல்லை, தாஸ். நான் செய்தது வேறு.

பல்கலைக்கழகம் அசாமில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, அதன் பெயர் எதற்கு?

இதை எழுதட்டுமா என்று தாஸிடம் கேட்டேன். அவர் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"எழுதேன். யாருக்குத் தெரியப்போவுது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன ரொம்ப நல்லவனா எழுதி வெக்காத. எனக்கும் கோவம் வந்துச்சு," என்றார்.

தின்னர் வாசனை

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில், தயாரான பெயின்ட்டைச் சோதித்துப் பார்க்கிற லேபில் எட்டு வருடம் வேலை செய்தேன். எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியில் தின்னர் வாசனை போகாது.

தாஸ் பத்தாவது வரை படித்தவர். கம்பி உருட்டும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் தலைமுறைக்குக் கம்பெனிகள் வந்துவிட்டன. ஷிஃப்ட் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நாள் முன்னால் குனிந்து, "இன்னா மேடம், பஸ்சுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சாங்களா, இல்ல நீங்க ஏறுனீங்களா?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை நான் சொன்னது ஒரே ஒரு தடவை. அதன் பிறகு ஞாபகம் வைத்துக்கொண்டது அவர்தான். தகுதித் தேர்வை மூன்று முறை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஜெனியை மைதானத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். நான் படிக்க வேண்டும். மூன்றாம் முறை தேறினபோது, என் கம்பெனியில் நான் சொல்லும் முன்பே அவருடைய ஆலையில் மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தார்.

முதல் நேர்காணல் சென்னையில் ஓரிடத்தில். எதிரே இருந்த இரண்டு பேர், கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எத்தனை, அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லச் சொல்ல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இடம் கிடைக்கவில்லை. லேபில் கூட வேலை செய்த ஒருத்தி, "அடுத்த வாட்டி ஃபேமிலின்னு வாயத் தொறக்காத," என்றாள்.

இது ஒரு காரணம். இதோடு நிறுத்திவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது.

குடும்பம் உண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி, கணவர் என்ன செய்கிறார் என்பதாக இருக்கும். பத்தாவது படித்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்று அந்த மூன்று முகங்களைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு மனசில்லை. அதைவிடக் கேவலம், 'சிங்கிள்' என்று சொன்ன அந்த நொடியில் உடம்பு இலேசானது போல இருந்தது. இருபத்திரண்டு வயதில், கையில் ஒன்றுமில்லாமல் எங்கோ கிளம்பிப் போகிறவளைப் போல. அந்த இலேசை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிரணாப் சொல்லிக் கொடுத்த ஊர்

நேர்காணல் முடிந்து லேப்டாப்பை மூடியதும் தாஸ் உள்ளே வந்தார்.

"இன்னா கேட்டாங்க?"

"சப்ஜெக்ட்தான்."

"ம்," என்றார். விரிப்பை அவிழ்த்து மடித்து வைத்தார். ஆணிகளைப் பிடுங்கினார். வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று சுவரில் இருந்த துளைகளில் பல்பொடியைக் குழைத்து அடைத்தார்.

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து தாஸ் குடும்பத்தோடு குடிபெயரும் வேலையில் இறங்கினார்.

அவருடைய ஆலையில் பாதிப் பேர் அசாம், பீகார், ஒடிசாப் பிள்ளைகள். அவர்களில் பிரணாப் என்பவனைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் அவனோடு உட்கார்ந்து இந்தி கற்றுக்கொண்டார். வீட்டு வாடகை எப்படிக் கேட்பது, பள்ளிக்கூடம் எங்கே என்று எப்படிக் கேட்பது, மருந்துக்கடையில் என்ன சொல்வது. பிரணாப்புக்கு ஒரே சிரிப்பு. "அண்ணா, நாங்க அங்கேர்ந்து இங்க வேலைக்கு வரான், நீங்க இங்கேர்ந்து அங்க போறான்," என்பானாம்.

காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினார். காஸ் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுப்பது, ஃபிரிட்ஜை என் தங்கை வீட்டில் விடுவது, ஜெனியின் டி.சி., சாமான் கட்டச் சாக்கு. தினமும் எதையாவது அடித்துக்கொண்டே வந்தார்.

நான் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தேன். இவர்கள் வருவதை எப்படித் தள்ளிப் போடுவது என்பதுதான் என் கணக்கு.

"மொதல்ல நான் மட்டும் போயி எடம் பாத்துட்டு வரேனே," என்று ஒரு நாள் ஆரம்பித்தேன்.

"ஏன்? குடும்பம் கீறவங்களுக்கு உள்ளியே குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாமே. பிரணாப்போட மாமன் அங்க தோட்ட வேல செய்றாரு. கேட்டுச் சொன்னான்."

"அங்க பனி. பாப்பாவுக்கு ஒத்துக்காது."

மறுநாள் பொன்னேரிச் சந்தையிலிருந்து அவளுக்கு ஸ்வெட்டர் வந்தது. காதை மூடுகிற குல்லாயும் வந்தது.

"பாப்பாவுக்கு அந்த பாஷ தெரியாதே."

அடுத்த வாரம் அப்பாவும் மகளும் இந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொண்டே சோறு தின்றார்கள். நான் சொன்ன ஒவ்வொரு சாக்குக்கும் அவர் ஒரு பதிலைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன்

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எழுதிக் குடுத்துட்டேன்," என்றார்.

ராஜினாமாக் கடிதம். ஒன்பது வருடத்து வேலை. அவருடைய ஆலையில் பர்மனென்ட் ஆட்களுக்கு நீல ஹெல்மெட், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். அந்த நீலத்துக்காக அவர் நாலு வருடம் காத்திருந்தவர்.

"கொஞ்சம் பொறுத்து எழுதிருக்கலாமே," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஏன், வேற எதுனா சொல்லணுமா?"

"இல்ல."

"எதுனா இருந்தா சொல்லு, எஸ்தரு."

"ஒண்ணும் இல்லங்க."

தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கினேன். அப்போது சொல்லியிருந்தால் மறுநாள் காலையிலேயே அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். வெங்காயத்தை நறுக்கி முடித்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

திருவள்ளூர் போய் வந்த காகிதம்

எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு அது பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்கிற ஊர். ஒரு காகிதம் வாங்க ஒரு நாள் போய்விடும். 

நோட்டீஸ் காலம் முடிந்த மறுநாள் தாஸ் அங்கே போனார். எதற்கு என்று சொல்லவில்லை. பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தார். கழுத்துப் பட்டை முழுக்கச் செம்மண். பனியனுக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, ஈரம் படாமல் துடைத்து, என் முன்னால் வைத்தார்.

எங்கள் கல்யாணச் சான்றிதழ், புதிய நகல்.

"பழசுல உன் பேரு தப்பா இருந்துச்சு. திருத்தி வாங்கினு வந்தேன். குவார்ட்டர்சுக்கு இத்த கேப்பாங்களாமே. ஸ்கேன் பண்ணி அனுப்பு," என்றார்.

அந்தத் தாளில் எங்கள் இரண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் சாக்கு எதுவும் மீதி இல்லை.

"நான் அங்க கல்யாணம் ஆவலேன்னு சொல்லிட்டேங்க," என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார்.

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கே கேட்டுச்சு. கதவாண்டதான குந்திக்கினு இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வராதுதான். அதுக்குன்னு சிங்கிள், நோ ஃபேமிலின்னாகூடவா புரியாது?"

ஜெனி தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் காட்டினார்.

"பாப்பா கேட்டா, சிங்கிள்னா இன்னாப்பான்னு. அம்மாவுக்கு ஒத்த ரூமு குடுக்கறாங்கன்னு சொன்னேன்."

"ஏன் அப்பவே என்னக் கேக்கல?"

"சீட்டுக்காக சொல்லிருப்ப, கெடச்சதும் நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. டி.சி. வாங்குனா சொல்லுவேன்னு நெனச்சேன். வேலைய எழுதிக் குடுத்தா நிச்சயமா சொல்லிடுவேன்னு நெனச்சேன்." அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "எங்க ரெண்டு பேரையும் இல்லன்னு சொன்னத வுடு. நான் இம்மாந்தூரம் கேட்டும் இல்லன்னியே, அதான் பேஜாரா கீது."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜெனி தலையைத் தூக்கி, "அம்மா, அப்பா கோவமா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் தயங்காமல் சொன்ன ஒரே உண்மை அது.

மூன்று வரிப் பதில்

பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுத எனக்கு மேலும் இரண்டு நாள் பிடித்தது. எழுதினேன். கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், நேர்காணலில் பொய் சொன்னேன், மன்னியுங்கள்.

மறுநாளே பதில் வந்தது. மூன்றே வரி. படிவத்தைத் திருத்தி அனுப்பவும். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்டதே, குடும்பத்தோடு வருபவர்களுக்கு வீடு கேட்டுப் பட்டியல் அனுப்பத்தான். அந்தப் பட்டியல் நேர்காணல் நடந்த வாரத்திலேயே போய்விட்டது, அடுத்தது இனி அடுத்த ஆண்டுதான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உதவி செய்யக் கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு நான் என் வீட்டையே இல்லை என்று சொல்லியிருந்தேன்.

வெளியே வீடு எடுக்கலாம் என்றால், உதவித்தொகை கைக்கு வர ஆறேழு மாதம் இழுக்கும் என்றார்கள். தாஸுக்கோ வேலை இல்லை. ஆக, நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அப்படியே நடந்தது. நான் மட்டும் போவது என்று முடிவாயிற்று.

தாஸ் ஆலைக்குப் போய்க் கேட்டார். ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. "கான்ட்ராக்ட்ல வேணா வா, தாஸு," என்றாராம். அதே ஃபோர்க்லிஃப்ட், அதே கொட்டகை. ஹெல்மெட் மட்டும் மஞ்சள். பிரணாப்பும் அவரும் இப்போது ஒரே வரிசையில் நின்று வருகைக்குக் கைரேகை வைக்க வேண்டும்.

ஜெனியை அதே பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. "நான் அஞ்சாவது இருந்தேன், இப்ப ஏன்மா நாப்பத்தி ரெண்டு?" என்று கேட்டாள்.

நிற்காத ரயில்

வடக்கே போகிற ரயில்கள் எல்லாம் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகும். பெரிய ரயில்கள் எங்கள் ஊரில் நிற்காது. அதனால் நான் முதலில் தெற்கே சென்னைக்குப் போய், அங்கே ஏறி, திரும்ப என் வீட்டைத் தாண்டியே அசாமுக்குப் போக வேண்டியிருந்தது.

தாஸால் சென்னை வரை வர முடியவில்லை. கான்ட்ராக்டில் சேர்ந்த முதல் வாரம், லீவு கிடையாது. அரைமணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஜெனியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறேன் என்றார். 

பொன்னேரி தாண்டியதும் நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். வயல்கள், செங்கல் சூளை, பிறகு ஆலைகளின் தகரக் கூரைகள். வண்டி வேகம் குறையவே இல்லை. பிளாட்பாரம் வந்தது. தூரத்திலேயே மஞ்சள் ஹெல்மெட் தெரிந்துவிட்டது. அவசரத்தில் அதைக் கழற்றாமலே வந்திருக்கிறார். தோளில் ஜெனி. பொன்னேரியில் வாங்கின ஸ்வெட்டரை அந்த வெயிலில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் போய்விட்ட பெட்டியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். கத்திக் கூப்பிட்டேன். தாஸ் மட்டும் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

மூன்று விநாடி இருக்கும். பிறகு எளாவூர் வந்தது, அப்புறம் ஆந்திரா.

கேட்டிலிருந்து ஒரு அழைப்பு

பத்து மாதம் கழித்து, அடுத்த பட்டியலில் எங்களுக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. அவர்கள் இரண்டு பேரும் கிளம்பி வந்தார்கள்.

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம் என்று சொன்னதால் நான் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் வேகம் எடுத்து முன்னதாகவே வந்துவிட்டிருக்கிறது. ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருக்காமல், தாஸே இந்தியில் பேரம் பேசி ஆட்டோ பிடித்துப் பல்கலைக்கழக வாசலுக்கு வந்துவிட்டார்.

போன் அடித்தது.

"எஸ்தரு, கேட்டாண்ட வந்துட்டோம்."

"ஐயோ, நான் இப்பத்தான் கெளம்பலாம்னு இருந்தேன்."

"பரவால்ல. பாப்பா தூங்கி எழுந்துட்டா." பின்னால் யாரோ இந்தியில் எதையோ கேட்பது காதில் விழுந்தது. தாஸ் கொஞ்சம் தயங்கினார். "இங்க வாட்ச்மேன் நோட்டுல எழுதறாரு. உனக்கு நான் இன்னா வேணும்னு கேக்கறாரு. இன்னா சொல்லட்டும்?"

அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அந்த வார்த்தைக்கு இந்தி தெரியாமலும் அவர் கேட்கவில்லை. எதைச் சொன்னால் எனக்குத் தொந்தரவு வராது என்று கேட்டார். 

என்னைச் சுற்றி நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பேராசிரியைக்கு எழுதினதோடு சரி, இவர்கள் யாரிடமும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் போனில் அடிக்கடி வருகிற பெயரைப் பார்த்து, அண்ணனா என்று ஒருத்தி கேட்டபோதும் சிரித்துவிட்டுத்தான் இருந்தேன்.

"போன அவர்கிட்ட குடுங்க," என்றேன்.

வாட்ச்மேன் குரல் வந்தது. என் அரைகுறை இந்தியில், வந்திருப்பவர் என் கணவர், கூட இருப்பது என் மகள் என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன், சத்தமாக. லேபில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஊரில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.